டாம்பா பேயில் புயல் வரும்போது: வீட்டிலேயே இருப்பதா, பக்கத்தில் நகர்வதா, அட்லாண்டா வரை போவதா?

"கிளம்பணுமா, வேண்டாமா?" மெக்சிகோ வளைகுடாவில் ஒரு புயல் உருவானதும் ஃபுளோரிடாவின் டாம்பா பக்கத் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். ஏதோ இரண்டே வழிதான் என்பது போலப் பேசிக்கொள்வோம். ஒன்று, தண்ணீர் கேனும் பிரெட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது. இல்லையென்றால் குழந்தைகளையும் பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு அட்லாண்டாவுக்கோ ஷார்லட்டுக்கோ போவது. நடுவில் இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன: பத்து இருபது மைல் தள்ளி மேட்டுப் பகுதியில் இருக்கும் நண்பர் வீடு, அப்புறம் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) திறந்து வைக்கும் ஷெல்ட்டர், அதாவது புயல் முகாம். கடலோரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நாலில் நண்பர் வீடுதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்றும் சொல்கிறேன், யாருக்கு அது ஒத்துவராது என்றும் சொல்கிறேன்.

முதலில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். ஃபுளோரிடாவில் பல வருடம் இருந்தவர்கள் சொல்வது, தண்ணீர் வந்தால் ஓடு, காற்று வந்தால் பதுங்கு. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த புயல் அனுபவம் பெரும்பாலும் காற்றைப் பற்றியது. 2016 வர்தாவில் சென்னையில் மரங்கள் சாய்ந்ததும் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதனால் இங்கேயும் "கேட்டகரி எத்தனை?" என்று கேட்டுத்தான் முடிவெடுக்கிறோம். கேட்டகரி என்பது காற்றின் வேகத்தை மட்டும் சொல்லும் எண். மணிக்கு 74 மைல் வேகத்தில் 1 ஆரம்பிக்கும், 111இல் 3, 157இல் 5. கடல் எத்தனை அடி ஏறி உள்ளே வரும் என்பதை அந்த எண் சொல்லாது.

2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் கரையேறியது நமக்கு வடக்கே வெகு தொலைவில், பெர்ரி என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில். டாம்பாவுக்கு மேற்கே நூறு மைலுக்கும் அப்பால் கடலிலேயே போய்விட்டது. இங்கே காற்று பெரிதாக இல்லை, "நமக்கு வரவில்லை" என்று பலர் படுத்துத் தூங்கினார்கள். ஆனால் வளைகுடா நீர் அன்று இரவு டாம்பா விரிகுடாவுக்குள் ஆறேழு அடி உயரத்துக்கு ஏறியது, இங்கே பதிவானதிலேயே அதிகம். பினெல்லஸ் கவுண்டியில் மட்டும் 10 பேருக்கு மேல் இறந்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டுக்கு அடுத்த வாரம் உதவிக்குப் போயிருந்தோம். கூரையில் ஒரு ஓடு கூட நகரவில்லை, ஜன்னல் உடையவில்லை. உள்ளே சுவரில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு பழுப்புக் கோடு, நாலு பக்கமும் ஒரே மட்டத்தில். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை ஷீட்ராக்கை, அதாவது சுவர்ப் பலகையை, வெட்டி எடுத்தோம், அதற்குப் பின்னால் வெப்பத் தடுப்புக்காக வைத்திருந்த பஞ்சு உப்புத் தண்ணீரில் ஊறிக் கனமாக இருந்தது. மெத்தை, ஃபிரிட்ஜ், குழந்தையின் மேசை, அரிசி மூட்டை எல்லாம் தெருவோரத்தில் குவிந்தன. அந்தக் குவியல்களை அள்ளி முடிப்பதற்குள் அடுத்த புயல் மில்டன் வந்துவிட்டது.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் உங்கள் வீட்டின் எவாக்குவேஷன் ஜோன், அதாவது யாரை எந்த வரிசையில் வெளியேறச் சொல்வார்கள் என்பதற்கான பகுதி. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்தில் இருக்கும், கவுண்டி இணையதளத்தில் முகவரி கொடுத்தால் சொல்லிவிடும். ஏ என்றால் கடல் நீர் முதலில் வரும் இடம். வீடு வாங்கும்போது இன்சூரன்ஸுக்காகப் பார்த்த ஃபிளட் ஜோன் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "எங்களுக்கு ஃபிளட் ஜோன் இல்லை, அதனால் கவலையில்லை" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். நியூ டாம்பா, வெஸ்லி சேப்பல் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பலர் எந்த ஜோனிலும் வர மாட்டார்கள். விரிகுடாவை ஒட்டிய பகுதிகளில் தெருவுக்குத் தெரு எழுத்து மாறும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த எழுத்து கடல் நீருக்கானது, மழை நீருக்கானது இல்லை. மில்டனின்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது, உள்பகுதிகளிலும் தண்ணீர் நின்றது, ஆறுகள் அடுத்த சில நாட்களில்தான் உச்சத்துக்கு வந்தன. உங்கள் தெரு சாதாரண கோடை மழைக்கே தேங்கும் தெருவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, புயலைப் பின்தொடர்வது எப்படி? மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று நாலு முறை அறிக்கை தரும். கரைக்கு எச்சரிக்கை விட்ட பிறகு இடையிலும் ஒன்று வரும். இந்த நேரங்களில் பார்த்தால் போதும். இடைப்பட்ட நேரத்தில் யூடியூபில் ஒருவர் ஒரே ஒரு கணினிக் கணிப்பைக் காட்டி அலறுவதைப் பார்ப்பதால் தூக்கம்தான் கெடும். அந்த அறிக்கையோடு வரும் கூம்பு வடிவப் படத்தை, எல்லோரும் கோன் என்று சொல்வதை, பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். புயலின் மையம் எந்தப் பக்கம் போகலாம் என்பதற்கான பட்டை அது. பழைய கணிப்புகளில் எவ்வளவு பிசகியது என்று பார்த்து, மூன்றில் இரண்டு முறை மையம் அதற்குள் இருக்கும்படி வரைகிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒரு முறை மையமே வெளியே போகும். மழையும் கடல் ஏற்றமும் கோனுக்கு வெளியே எவ்வளவு தூரமும் வரலாம், ஹெலீன் செய்தது அதைத்தான்.

கோனின் நடுக்கோட்டை நம்பி முடிவெடுத்தவர்களின் கதை இந்தக் கரையில் நிறைய. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயல் டாம்பாவை நோக்கி வருகிறது என்று சொல்லப்பட்டது. இங்கிருந்து பலர் ஆர்லாண்டோவுக்குப் போனார்கள். அது கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பி புன்டா கோர்டாவில் ஏறி, குறுக்கே போய் ஆர்லாண்டோ வழியாகவே வெளியேறியது. டாம்பாவில் வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, ஓடியவர்களைப் புயல் தேடிப்போய் அடித்தது. 2017 இர்மா முதலில் மயாமி பக்கம் என்றார்கள், அங்கிருந்து மேற்குக் கரைக்கு வந்தவர்கள் பின்னால் புயலும் மேற்கே வந்தது. 2022 இயான் டாம்பா, டாம்பா என்று சொல்லப்பட்டு, செப்டம்பர் 28 அன்று ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் போனது. அங்கே லீ கவுண்டி வெளியேறச் சொன்னது முந்தைய நாள் காலையில்தான், ஏனென்றால் எல்லோர் கண்ணும் டாம்பா மேல் இருந்தது. அந்த ஒரு கவுண்டியில் 70 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் தண்ணீரில். 2024 அக்டோபர் 7 அன்று 180 மைல் வேகம் வரை ஏறிய மில்டனும் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்து, 9ஆம் தேதி இரவு சரசோட்டா பக்கம் சியஸ்டா கீயில் ஏறியது. 1921க்குப் பிறகு டாம்பா பேயைப் பெரிய புயல் எதுவும் நேருக்கு நேர் தாக்கவில்லை. இதை ஒரு தெய்வக் காவல் போல இங்கே சிலர் பேசுவார்கள், பழங்குடிகளின் சமாதி மேடுகள் காக்கின்றன என்று ஒரு நம்பிக்கையே உண்டு. ஹெலீனுக்குப் பிறகும் அதைச் சொல்லிக்கொண்டு இருப்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

வீட்டிலேயே இருப்பது. ஏ, பி ஜோனில் இருந்து, வெளியேறச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டால் இந்த வழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் இலகுவான வீடு) என்றால் எந்த ஜோனாக இருந்தாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கு வீட்டின் வயது முக்கியம். 1992இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப் போட்டதற்குப் பிறகு கட்டட விதிகளை இறுக்கினார்கள், மாநிலம் முழுதுக்குமான விதி 2002இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு கட்டிய கான்கிரீட் பிளாக் வீடு, ஜோனுக்கு வெளியே, மேலே சாயக்கூடிய பெரிய ஓக் மரம் இல்லை என்றால், தாராளமாக இருக்கலாம். கராஜ் கதவைக் கவனியுங்கள். காற்று அதை உள்ளே தள்ளிவிட்டால் அழுத்தம் கூரையைத் தூக்கும், புயலுக்கு ஏற்ற கதவா, தாங்குகம்பி போட்டிருக்கிறதா என்று மே மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் இருப்பதன் உண்மையான கஷ்டம் புயல் போன பிறகுதான். மில்டனுக்குப் பின் மாநிலத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் இல்லை, காஸ் ஸ்டேஷன்களில் நாள் கணக்கில் வரிசை. நம் வீடுகளில் பெரும்பாலும் மின்சார அடுப்பு என்பதால் காபி கூடப் போட முடியாது. புளியோதரை, தேங்காய் போடாத பொடி, வறுத்த கடலை, அவல் என்று கெடாததாகத் தயார் செய்து வைப்பவர்கள் தப்பித்தார்கள். இதையெல்லாம் இளம் தம்பதி தாங்கிவிடலாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. ஏசி இல்லாத ஃபுளோரிடா வீடு வயதானவர்களுக்கு ஆபத்து. இர்மாவுக்குப் பிறகு ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்று 12 பேர் இறந்தார்கள், புயல் போன பிறகு. இன்சுலினுக்குக் குளிர் வேண்டும், ஆக்சிஜன் கருவிக்கும் தூங்கும்போது மூச்சுக்கு உதவும் சிபேப்புக்கும் கரண்ட் வேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இங்கே ஆஸ்பத்திரிச் செலவு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். பெற்றோர் வந்திருக்கும் வீட்டுக்காரர்கள் ஜோனுக்கு வெளியே இருந்தாலும் கரண்ட் போனால் எங்கே போவது என்று ஒரு இடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்கு வெளியே, 20 அடியாவது தள்ளி வைத்து ஓட்டுங்கள். கராஜுக்குள் வைத்து ஓட்டிப் புகையில் இறப்பவர்கள் ஒவ்வொரு புயலிலும் உண்டு.

அட்லாண்டா. இதன் பெரிய வசதி, அங்கே கரண்ட் இருக்கும், இட்லி கிடைக்கும், தெரிந்தவர் வீடு இருக்கும், குழந்தைகளுக்கு விடுமுறை மாதிரி இருக்கும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனால் வேலையும் நிற்காது. சாதாரண நாளில் ஏழு மணி நேரம். மாநிலத்தின் பாதி கிளம்பும் நாளில் ஐ-75 நெடுஞ்சாலையில் வைல்ட்வுட் பக்கம், டர்ன்பைக் என்ற டோல் சாலை வந்து சேரும் இடத்தில், ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். இர்மாவின்போது 65 லட்சத்துக்கும் அதிகமான பேரை வெளியேறச் சொன்னார்கள், அந்தப் பயணம் பலருக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. டோல் ரத்து செய்வார்கள், சாலையோரத் தடத்தையும் திறந்து விடுவார்கள், ஆனாலும் வழியில் பெட்ரோல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டெஸ்லா வைத்திருப்பவர்கள் சார்ஜருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தூரம் போவதே சில நேரம் ஆளைக் கொல்கிறது. 2005இல் ரீட்டா புயல் வருகிறது என்று டெக்சஸில் ஹியூஸ்டன் பக்கம் இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். கடும் வெயிலில் நகராத சாலையில் சிக்கியது, விபத்துகள் எல்லாம் சேர்த்து நூறு பேர் அளவில் அந்தப் பயணத்தில் இறந்தார்கள், டாலஸ் பக்கத்தில் ஒரு பஸ் தீப்பிடித்து முதியோர் இல்லத்துக்காரர்கள் 23 பேர் போனார்கள். அதே ஹெலீன் இங்கிருந்து ஜார்ஜியாவுக்குள் புகுந்து, பிறகு வட கரோலினா மலைப்பகுதியில், ஆஷ்வில் சுற்றுவட்டாரத்தில், பேரழிவை உண்டாக்கியது. கடலிலிருந்து முன்னூறு நானூறு மைல் தள்ளி, மலை மேல். வடக்கே போவது தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது. புயல் கரையேறிய பிறகு எந்தப் பக்கம் போகப்போகிறது என்று பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனாலும் சிலருக்கு அட்லாண்டாதான் சரி: கரண்ட் இல்லாமல் ஒரு நாள் கூட இருக்க முடியாத நோயாளி இருக்கும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, அங்கே சொந்த அண்ணனோ அக்காவோ இருக்கும் வீடு. அப்படிப்பட்டவர்கள் மூன்று நாள் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். கவுண்டி உத்தரவு வரும்வரை காத்திருந்து கிளம்புவதுதான் இந்த வழியில் வரும் எல்லாத் தொல்லைக்கும் காரணம். மூன்று நாள் முன்னால் போனால் புயல் வேறு பக்கம் திரும்பி, பயணம் வீணாகப் போகலாம். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ள மனம் வராதவர்கள் இந்த வழியை எடுக்கவே கூடாது.

நண்பர் வீடு. ஃபுளோரிடா அதிகாரிகளே திரும்பத் திரும்பச் சொல்வது, நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டாம், பத்து இருபது மைல் போதும் என்பதுதான். கடல் நீர் வராத மேட்டில், 2002க்குப் பிறகு கட்டிய வீடு. அவ்வளவுதான் தேவை. விரிகுடாவை ஒட்டிய அப்பல்லோ பீச்சில் இருந்து வெஸ்லி சேப்பலுக்குப் போக ஒரு மணி நேரம், நெரிசலில் இரண்டு. ஒரு டேங்க் பெட்ரோலில் கால்வாசி கூட ஆகாது. முந்தைய நாள் காலை வரை கணிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். புயல் திரும்பிவிட்டால் ஒரு இரவுத் தூக்கம் தவிர நஷ்டம் எதுவும் இல்லை. அடுத்த நாளே வந்து வீட்டைப் பார்க்கலாம், கூரையில் ஓட்டை இருந்தால் தார்ப்பாய் போடலாம். அட்லாண்டாவில் இருந்துகொண்டு கேமராவும் வேலை செய்யாமல் தவிக்க வேண்டியதில்லை.

குறை என்னவென்றால் கேட்கக் கூச்சம். "அவங்களுக்குத் தொந்தரவு" என்று சொல்லியே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புயல் வந்த பிறகு கேட்டால்தான் தொந்தரவு. ஜூனில், சாதாரணமாகச் சாப்பிட வந்திருக்கும்போது, "இப்படி ஒன்று வந்தால் நாங்க நாலு பேரும் உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டு வையுங்கள். போகும்போது உங்கள் அரிசி, பருப்பு, தண்ணீர், மெத்தை, போர்வை, பவர் பேங்க் எல்லாம் உங்கள் காரிலேயே போகட்டும். ஜோனுக்கு வெளியே வீடு உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் கூப்பிடுங்கள், முக்கியமாக இந்த வருடம்தான் இந்தியாவிலிருந்து வந்து அப்பார்ட்மென்டில் இருக்கும் பையன்களையும் பெண்களையும். அவர்களில் பலருக்கு கார் கூட இருக்காது, ஜோன் எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஷெல்ட்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடம், ஒருவருக்கு 20 சதுர அடி அளவில் இடம், தரையில் உங்கள் படுக்கை, இரவெல்லாம் விளக்கும் சத்தமும். சைவச் சாப்பாட்டை நம்ப முடியாது, கையில் கொண்டுபோக வேண்டும். வசதி இல்லாத இடம், ஆனால் உயிர் தப்பும் இடம். விசா கேள்வி எதுவும் கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம், கட்டணமும் கிடையாது. மருத்துவக் கருவிகள் தேவைப்படுபவர்களுக்குத் தனி ஷெல்ட்டர் உண்டு, அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும் பையில் போக வேண்டியவை: பாஸ்போர்ட்டுகள், ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதம்), கிரீன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு இன்சூரன்ஸ் காகிதம், நகை, ஒரு மாதத்துக்கு மருந்து. அவசர நிலை அறிவித்துவிட்டால் ஃபுளோரிடாவில் மருந்தைத் தேதிக்கு முன்பே நிரப்பிக்கொள்ளலாம், மருந்துக்கடையில் கேளுங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்துவிடுங்கள். மின்சாரக் காரைத் தாழ்வான கராஜில் விட்டுப் போக வேண்டாம், உப்புத் தண்ணீரில் மூழ்கிய பேட்டரி பிறகு தீப்பிடிக்கிறது, இயானிலும் ஹெலீனிலும் நடந்தது.

நேரக் கணக்குதான் கடைசி. ஹரிக்கேன் வாட்ச் என்பது பலத்த காற்று தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னால் வரும், வார்னிங் 36 மணி நேரம் முன்னால். வாட்ச் வரும்போது அட்லாண்டா போகிறவர்கள் ஏற்கெனவே சாலையில் இருக்க வேண்டும். வார்னிங் வந்து, அடுத்த காலை 11 மணி அறிக்கையிலும் உங்கள் கரை கோனுக்குள் இருந்தால், அல்லது கோனுக்கு வெளியே இருந்தாலும் கடல் ஏற்ற எச்சரிக்கை இருந்தால், ஏ, பி ஜோன்காரர்கள் மதியச் சாப்பாட்டை நண்பர் வீட்டில் சாப்பிட வேண்டும். காற்று 40 மைலைத் தொட்டதும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், பாலங்களையும் மூடுவார்கள்.

அந்த நேரம் தாண்டிவிட்டால் ஐ-75 பக்கமே போகாதீர்கள், பக்கத்தில் திறந்திருக்கும் ஷெல்ட்டருக்குப் போய்விடுங்கள். அதுவும் முடியாமல் வீட்டில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். கூரைக்கு அடியில் ஜன்னல் இல்லாமல் இருக்கும் அட்டிக்குக்குள் மட்டும் ஏற வேண்டாம். 2005 காட்ரினா புயலில் அப்படி ஏறிய பலருக்கு வெளியே வர வழி இல்லாமல் போய்விட்டது.